கோர்வெல் எழுதாத நாவல்

பிராண்ட் கோர்வெல் என்று ஒரு மனிதர் இல்லை. அந்தப் பெயர் கிராட்வெல் பதிப்பகத்தின் சொத்து, அவர்கள் வாசலில் தொங்கிய பலகையைப் போல. அந்தப் பெயரில் வந்த அறிவியல் நாவல்களை எழுதியவர் என் அப்பா, ஹெக்டர் ப்ளைத். இதை வெளியே சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம்.

பதிப்பக முதலாளி கிராட்வெல் முதலில் அட்டைப்படத்தை வரையச்சொல்லி வாங்கிவிடுவார். ஒரு பெண், அவள் காலைப் பிடித்து இழுக்கும் பச்சைப் பிராணி, பின்னால் இரண்டு நிலவு. அப்பா அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ரயிலில் கிராய்டனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். மூன்று வாரத்தில் அந்தப் படத்துக்குப் பொருத்தமாக ஒரு நாவலை எழுதித் தரவேண்டும். நான் தட்டச்சு செய்வேன். அப்போது கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, வெற்றிடத்துல வெடிச்சா சத்தம் கேக்காது."

"எனக்கும் தெரியும்மா. ஆனா கிராட்வெல் காதுல விழணுமே."

ரயில் நிலையக் கடைகளில் எல்லாம் கோர்வெல் அடுக்கியிருப்பார்கள். எங்கள் தெருவிலோ அப்பாவுக்கு வேலை இல்லை என்றே நினைத்தார்கள். பட்டப்பகலில் வீட்டுச் செருப்போடு பால் பாட்டில் எடுக்க வெளியே வருகிற ஆணைப் பற்றி வேறு என்ன நினைப்பார்கள்? பக்கத்து வீட்டு மிசஸ் டட்டில் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன ப்ளைத், ஏதாவது அமைஞ்சுதா? எரிவாயு கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம்" என்பாள். அப்பா தொப்பியைத் தொட்டு நன்றி சொல்வார். அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களை ஓசை கேட்கக் கழுவுவாள்.

ஐந்து வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தனக்காக ஒரு நாவல் எழுதிவந்தார். ஹல் என்ற துறைமுக நகரத்தில் கடல் ஏறுகிறது. வேகமாக இல்லை. ஒரு தெருவில் உள்ளவர்கள் கீழ் வீட்டுக்காரர்களைத் தங்கள் மாடியில் சேர்ப்பதா வேண்டாமா என்று டீ குடித்தபடி பேசுகிறார்கள். பேசி முடிப்பதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. அலையின் கணக்குகளை நான் போட்டுக் கொடுத்தேன். தட்டச்சு செய்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். முதல் பக்கத்தில் தலைப்புக்குக் கீழே 'ஹெக்டர் ப்ளைத்' என்று என்னைத் தட்டச்சு செய்யச் சொன்னார். அந்த ஒரு வரி இருந்த தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதை ப்ளூம்ஸ்பரியில், துணி அட்டை போட்ட இலக்கிய நாவல்கள் வெளியிடும் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். ஃபேர்லி என்ற இளம் ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். "நீயும் கூடப் போ. எதைக் கேட்டாலும் சரின்னுடுவாரு" என்று அம்மா என்னை அனுப்பினாள்.

ஃபேர்லி பிஸ்கட் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

"கரு நல்லாயிருக்கு, மிஸ்டர் ப்ளைத். ஆனா ஒண்ணு சொன்னா வருத்தப்படக்கூடாது. இது கோர்வெலைப் பாத்து எழுதினது. என் மச்சான் பையன் அந்தக் குப்பையை வாரிப் படிக்கறான், அதனால எனக்கு நடை அத்துப்படி. சின்னச் சின்ன வாக்கியம், அத்தியாயம் முடியறப்ப ஒரு வெட்டு. ஒருத்தரைக் காப்பி அடிக்கணும்னா கொஞ்சம் நல்ல ஆளாப் பிடிச்சிருக்கலாமே?"

அப்பா கையில் எடுத்திருந்த பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"நான் காப்பி அடிக்கல. கோர்வெல் நான்தான்."

ஃபேர்லி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அது மெல்ல அடங்கியது. காப்பி அடிப்பவரிடம் காட்டிய இரக்கம்கூட இப்போது இல்லை.

"ஓ. அப்ப இது கோர்வெல் போடறவங்ககிட்டதான் போகணும், இல்லையா?" என்று கைப்பிரதியின் ஓரங்களைத் தட்டிச் சேர்த்துக் கொடுத்தார்.

இன்னும் இரண்டு பதிப்பகங்கள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பின. கடைசியில் அப்பா அதைக் கிராட்வெல்லிடம் கொண்டுபோனார். நானும் போனேன். கிராட்வெல் பன்றிக்கறி அடைத்த ரொட்டியைக் கடித்தபடி நாலு பக்கம் புரட்டினார்.

"போட்டுடலாம். இந்த மாசம் ஒரு இடம் காலியா இருக்கு."

"என் பேர்ல போடுங்க. இது ஒண்ணு மட்டும்."

"ப்ளைத்தா? பல் டாக்டர் பேர் மாதிரி இருக்கே! யாருய்யா வாங்குவான்?"

"அப்ப வேண்டாம். நான் கோர்வெலையும் நிறுத்திக்கறேன்."

"நிறுத்திக்குங்க. லீட்ஸ்ல ஒரு வாத்தியார் அந்தப் பேர்ல எழுதக் காத்துக்கிட்டு இருக்கார். நீங்க போனா கோர்வெல் சாகமாட்டான், ப்ளைத். நீங்கதான் உங்க பக்கத்து வீட்டம்மா சொன்ன எரிவாயு கம்பெனிக்குப் போகணும்."

அப்பா கைப்பிரதியைக் கையில் எடுத்தார், மறுபடி மேஜையில் வைத்தார். பிறகு, "அதுல பிராணி எதுவும் வராது" என்றார்.

"வரவேண்டாம். அட்டையில இருக்கும்ல, போதும்."

முதல் பக்கத்திலிருந்த அந்த வரியைக் கிராட்வெல்லே பென்சிலால் அடித்தார்.

புத்தகம் வந்தது. அட்டையில் ஹல் நகரத்தின் கூரைகளுக்கு மேலே ஒரு ஆரஞ்சு நிற ஆக்டோபஸ்.

வியாழக்கிழமைகளில் ஹோல்பர்ன் பக்கம் ஒரு மதுக்கடையில் அறிவியல் கதைப் பித்தர்கள் கூடுவார்கள். அப்பா அங்கே ஒரு சாதாரண வாசகராகப் போய் ஓரத்தில் உட்காருவார். அந்த வாரம் தனியாகப் போகப் பயமாக இருந்ததோ என்னவோ, என்னையும் அழைத்துப் போனார். நடுவில் சிரில் ஓப்பன்ஷா அந்தப் புத்தகத்தை உயர்த்திப் பிடித்திருந்தார். கோர்வெல் பற்றி மாதாமாதம் தானே நகலெடுத்து ஒரு பத்திரிகை நடத்துபவர் அவர்.

"கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கலடா!"

"எல்லாரும் மாடியில உக்காந்து டீ குடிக்கறாங்க. எங்க மாமியார் வீட்டுக்கே போயிருக்கலாம்!" என்றார் இன்னொருவர்.

எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்லடா, நான் விளையாடல," என்றார் சிரில். "கோர்வெலோட ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும். இது அவன் எழுதினதே இல்ல. எவனோ கத்துக்குட்டி அவன் பேரைக் கெடுக்கறான்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க, ப்ளைத் சார்? நீங்களும் விடாம படிக்கறவர்தானே?"

மேஜைக்கு அடியில் நான் அப்பாவின் கையைப் பிடித்தேன். அவர் மெதுவாக விலக்கிக்கொண்டார்.

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, சிரில். இது கோர்வெல் இல்ல."

"அப்ப யாரு?"

"யாரா இருந்தா என்ன. இனிமே எழுதமாட்டான்."

"நல்லதாப் போச்சு!" என்று சிரில் எழுந்துபோய் அப்பாவுக்கு ஒரு பியர் வாங்கி வந்தார். அப்பா அதை முழுவதும் குடித்தார்.