என் முறை, அவள் முறை

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு சட்டம் உண்டு. ஸ்பீக்கரில் ஒரு பாட்டு நான் போடுவேன், அடுத்தது என் மகள். எந்த வண்டியையும் எனக்குச் சமமாகப் பிரித்து மாட்டுவாள். பாட்டில் மட்டும் எங்களுக்குள் ஏழாம் பொருத்தம்.

வெளியூர்க் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று அவள் கேட்ட அன்று நான் கத்தித் தீர்த்தேன். அதிலிருந்து பேச்சில்லை. ஸ்பேனர் வேண்டுமென்றாலும் கையைத்தான் நீட்டுவாள். சண்டை மட்டும் ஸ்பீக்கரில் தொடர்ந்தது. பெற்ற மனம் புலம்பும் பழைய பாட்டாகத் தேடித் தேடிப் போடுவேன். அவள் கூரைத் தகரம் அதிர ஒரு குத்துப் பாட்டில் பதில் சொல்வாள். வண்டி விட வருகிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. எங்களுக்கு ஒவ்வொரு வரியும் புரிந்தது.

இன்று மாலைக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். காலையில் டிபன் பாக்ஸைக் கையில் திணிக்கும்போது அவள் அம்மா சொன்னாள். அப்போதிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாட்டிய பிரேக்கையே மறுபடி கழற்றினேன். சாவி வாங்க வந்தவரிடம் வள்ளென்று விழுந்தேன்.

மதியம் என் பாட்டு முடிந்தது. அவள் தன் முறைக்கு எதுவும் போடவில்லை. காருக்கு அடியில் அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. குத்துப் பாட்டைத் திட்டிய இதே வாயால் சொல்கிறேன், அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போடும்வரையாவது பிள்ளை நம்மோடு இருக்கிறது.

சமாதானத்துக்கு வேறு வழி தெரியாமல், அவள் பாட்டு ஒன்றை நானே போட்டேன். தகர டப்பா உருட்டுகிறார்கள் என்று நான் ஏசுகிற பாட்டு. கூடவே முணுமுணுத்தேன், பாழாய்ப் போனது முழுக்க மனப்பாடம் ஆகியிருந்தது. வீட்டை விட்டு உலகம் பார்க்கக் கிளம்புகிற பெண் பாடும் பாட்டு அது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

அவள் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நெஜமாவாப்பா? நான் போகட்டுமா?"

இல்லம்மா, என்னோடு பேசு என்றுதான் போட்டேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தத் தகப்பன் சொல்வான்?

"போய்ட்டு வா" என்றேன்.

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கம்பெனிக்குக்கூட இல்லை, முதலில் அவள் அம்மாவிடம்தான் பேசினாள். "அப்பாவே பாட்டுப் போட்டு அனுப்பி வைக்கிறாரும்மா."

அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, இவள் சிரித்தாள். நான் டயரைப் பார்ப்பதுபோல் குனிந்து அழுதேன்.