ஒரு கட்டை குறைகிறது

“யார் கையில சாயுதோ, அவங்க வீட்டுக்கு அப்பா,” என்றான் சின்னவன், அடுக்கி முடித்த மரக்கட்டைகளை உள்ளங்கையால் தட்டி நேராக்கியபடி.

எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலோர நாற்காலியில் இருந்த அவர்களுடைய அப்பா கிரேன்காரரும் சிரித்துவைத்தார். பேத்திக்கென்று அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கி வந்தவரே அவர்தான். துறைமுகத்தில் காலமெல்லாம் சரக்குப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓய்வு பெற்றவருக்குக் கடையில் வேறெந்தப் பொம்மையும் கண்ணில் படவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டாயிற்று.

மனைவி போனபின் அவர் தனியாக இருந்த வாடகை வீட்டை வீட்டுக்காரர் திரும்பக் கேட்டுவிட்டார். மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். அதைப் பேசி முடிக்கத்தான் பெரியவன் வீட்டில் இன்று மூன்று பிள்ளைகளும் கூடியிருந்தார்கள். சாப்பாடு முடிந்தது, பழம் நறுக்கித் தின்றாயிற்று, சாலை நெரிசலிலிருந்து பல்வலி வரை பேசியாயிற்று. அந்த ஒன்றைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ‘எங்கூட வந்துடுங்கப்பா’ என்று யாராவது ஒருவர் ஒரே ஒருமுறை சொன்னால் போதும், வேண்டாமென்று மறுத்துவிட்டு எங்காவது ஓர் அறை பார்த்துக்கொள்வார். மறுப்பதற்காவது ஒருவர் கூப்பிட வேண்டாமா?

வேடிக்கையாகத்தான் தொடங்கினார்கள். கீழேயிருந்து ஒரு கட்டையை உருவி உச்சியில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். இரண்டு சுற்றுக்குள் பேச்சு நின்றுபோனது. பெரியவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். சின்னவன் மின்விசிறியை அணைக்கச் சொன்னான். மகளின் முறை வந்தபோது கிரேன்காரர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து பார்த்தார். டம்ளரைக் கொடுத்தால் சிந்துவாள், தட்டைக் கொடுத்தால் உடைப்பாள். கல்யாணமாகிப் போகும்வரை வீட்டில் அவளுக்கு ‘டமார்’ என்றுதான் பெயர். அந்தக் கை இன்று அடிவரிசைக் கட்டையை நூல் பிசகாமல் உருவி எடுத்தது. மேலே வைத்த பிறகுதான் மூச்சே விட்டாள். அப்புறம் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“சும்மா விளையாட்டுக்குத்தாம்பா.”

“தெரியும்மா,” என்றார்.

அடுத்தது பெரியவன். எந்தக் கட்டையைத் தொட்டாலும் கோபுரம் ஆடியது. விரலை நீட்டுவதும் இழுத்துக்கொள்வதுமாக இருந்தான். அதற்குள் பேத்தி, “நான் எடுக்கிறேன்,” என்று ஓடிவந்து ஒன்றைப் பிடித்து இழுத்தாள். மொத்தமும் தடதடவென்று சரிந்து தரையெல்லாம் சிதறியது.

பெரியவன் பிள்ளை, பெரியவன் முறை. கிரேன்காரருக்குள் வெட்கங்கெட்ட ஓர் ஆசை எட்டிப்பார்த்தது.

“குழந்தை தட்டிவிட்டதெல்லாம் கணக்குல வராது,” என்றாள் மருமகள், சமையலறை வாசலிலிருந்து.

“எப்படி வரும்? திரும்ப அடுக்கு,” என்றான் பெரியவன்.

சின்னவனுக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் அடுக்கினான். உச்சி வரிசையில் ஒரு கட்டை குறைந்தது.

“ஒண்ணு இல்லாட்டி என்ன, ஆடலாமே,” என்றாள் மகள்.

“இல்ல, எல்லாம் சரியா இருக்கணும். நாளைக்கு யாரும் ஒரு பேச்சு பேசக் கூடாது,” என்றான் சின்னவன்.

இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

குறைந்த கட்டை கிரேன்காரரின் பாதத்துக்கு அடியில் இருந்தது. சரிந்த வேகத்தில் நாற்காலி வரை சறுக்கி வந்ததை அவர் ஒருவர்தான் பார்த்தார். மருமகள் பேசி முடிப்பதற்குள் காலை அதன்மேல் வைத்துவிட்டார். யாரோ ஒருவர் தோற்று, அதற்கான தண்டனையாக அந்த வீட்டில் போய் உட்கார அவருக்கு மனமில்லை.

மூன்று பேரும் மண்டியிட்டுத் தேடினார்கள். சோபாவுக்கு அடியில் கை விட்டுத் துழாவினார்கள், விரிப்பைப் புரட்டினார்கள், கடைசியில் நாற்காலிப் பக்கம் வந்தார்கள். கிரேன் கூண்டிலிருந்து பார்ப்பதுபோல மேலேயிருந்து அவருக்கு உச்சந்தலைகள் மட்டும் தெரிந்தன. பெரியவனுக்கு வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. பெற்ற மூன்றும் ஒருசேர அவர் காலடியில் கிடந்தன.

“அப்பா, காலைக் கொஞ்சம் தூக்குங்க,” என்றாள் மகள்.

அவர் இன்னும் அழுத்தினார். கட்டையின் விளிம்பு குதிகாலில் ஏறியது. அவள் அவருடைய கணுக்காலைப் பிடித்தாள். வந்ததிலிருந்து அவரை யாரும் தொட்டது அதுதான் முதல்முறை. கை வெதுவெதுப்பாக இருந்தது. அவர் காலை எடுக்கவில்லை.