நிலக்ஷி நீக்கிய வரி

காலை பத்தரைக்கு மழை எச்சரிக்கை இணையப் பக்கம் திறக்காமல் போனது. கொட்டகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் இருந்தபடியே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்த நிலக்ஷிதான் அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பு. மண்சரியும் அபாயத்துக்குச் சிவப்பு; தங்கள் சரிவு என்ன நிறத்தில் இருக்கிறது என்று அதில் பார்த்துத்தான் தோட்டத்து ஆட்கள் லயத்தைவிட்டு வெளியேறுவார்கள்.

பக்கத்தை ஆட்களின் போன்களுக்கு இரண்டு விநியோக வலையமைப்புகள் சுமந்தன. ஒன்றில் நெரிசலானால், போன்களிலிருந்து வரும் கோரிக்கைகளை அது மற்றதற்கு அனுப்பும். இன்று மழைக்கு எல்லோரும் ஒரேயடியாகத் திறக்க, இரண்டிலும் நெரிசல். முதலாவது இரண்டாவதிடம் தள்ள, அது முதலாவதிடமே திருப்ப, ஒரே கோரிக்கை நூற்றுக்கணக்கான தடவை சுற்றிக்கொண்டிருந்தது. இப்படி ஆகாதிருக்க, ஒவ்வொரு வலையமைப்பும் தன்னைக் கடக்கும் கோரிக்கையில் தன் பெயரை எழுதிவிடும். திரும்பி வந்ததில் தன் பெயரைக் கண்டால் மறுபடி அனுப்பாது. போன வாரம் நிரலில் வேண்டாத வரிகளைக் கழித்தபோது நிலக்ஷி அந்தப் பெயர் வரியையும் கழித்திருந்தாள். சோதனையில் எல்லாம் சரியாகவே ஓடியது. சோதனையன்று மழை இல்லை.

கீழ்ப்பிரிவு லயத்திலிருந்து முத்துலிங்கம் மாமா அழைத்தார். அங்கே தலைவர் அவர்தான்.

"பாப்பா, தொறக்க மாட்டேங்குது. எங்க பக்கம் செவப்பா, இல்லையா?"

அவளுக்கும் தெரியவில்லை. போன மாதம் மாமா எல்லோரையும் மேலேயுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி, ஒன்றும் நடக்காமல், ஆட்கள் அவரை ஏசியிருந்தார்கள்.

"பாத்துக்கிட்டு நிக்காதீங்க மாமா. ஏறுங்க."

"செவப்புன்னு சொல்லட்டா?"

"எனக்குத் தெரியலன்னு சொல்லுங்க."

வரியைத் திரும்பச் சேர்த்தாள். அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேர அரை மணிநேரம் பிடித்தது. பக்கம் திறந்தபோது கீழ்ப்பிரிவு சிவப்பாக இருந்தது. மாமாவின் போனுக்கு அழைப்புப் போகவில்லை.

அதற்குள் மண் இறங்கி, கீழ்ப்பிரிவு லயத்தின் கடைசி இரண்டு காம்பராக்களை, வீட்டு அறைகளை, மூடியிருந்தது. மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். நிறத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்தங்கிய அழகம்மாவை மட்டும், இடுப்பு முறிந்த நிலையில், நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

நெரிசல் என்று மட்டும் அறிக்கையில் போடும்படி கம்பனி மேலாளர் சொன்னார். அவள் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

அவள் சொன்னதால்தான் தப்பித்தோம் என்று அங்கே மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த எச்சரிக்கைப் பக்கம் தொறக்காமப் போனதே என்னாலதான் மாமா," என்றாள்.

 அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"அத அவகிட்டயே சொல்லு."

அழகம்மாவின் மகள் நாகலெட்சுமி படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். காலில் ஜோடி மாறிய செருப்புகள். நிலக்ஷி அருகே போனதும், யாரென்று நிமிர்ந்து பாராமலே, சற்று நகர்ந்து இடம்விட்டாள்.