மிஸியின் வீட்டுக்காரர்

1

இந்தக் கதை எனக்குப் பாலன் கொடுத்தது. மலாக்காவின் காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்கு எதிர்வரிசையில் ஒரு காலத்தில் இருந்த சைக்கிள் கடையைப் பற்றி விசாரிக்கப் போனேன். அவர் கடையை விட்டுவிட்டுக் கடைக்காரர் நல்லையாவைப் பற்றிச் சொன்னார்.

"மிஸி போன வேனைச் சுட்டுட்டாங்கன்னு ஓடிப்போய்ச் சொல்றேன். அந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வி, கூட யார் போனதுன்னு."

பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கவில்லை. அவரைத் திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன்.

(பாலன் பேசியது, தமிழ் மறந்துபோன மலாக்காச் செட்டிகளின் மலாய். நான் எழுதியதில் அவர் சரளமாகத் தமிழ் பேசுகிறார். படித்துக் காட்டினால் சிரிப்பார்.)

2

முதல் தொடக்கம்: "அன்று காலை வானம் இருண்டு" — அடித்துவிட்டேன். வானம் எப்படி இருந்தது என்று பாலனுக்கே நினைவில்லை.

இரண்டாவது: "நல்லையா சந்தேகக்காரர்." — அதையும் அடித்தேன். ஒரே சொல்லில் ஆளை முடித்துவிட்டால் மீதிக் கதைக்கு அவர் எதற்கு?

மூன்றாவது நிற்கிறது, இப்போதைக்கு.

3

நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகும் நாளை மலாக்கா திடலில் அறிவித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நல்லையாவின் மனைவி ருக்மணி ஆஸ்பத்திரியில் தாதி. ஊரில் எல்லாருக்கும் மிஸி. காட்டோரத்து மக்களை முள்வேலிக்குள் குடியேற்றிய புதுக்கிராமங்களுக்கு மருந்து வேன் போகும். ஜொகூர்ப் பக்கம் ஆள் போதவில்லை என்று சிகாமட் வரைக்கும் அவளை அனுப்பினார்கள்.* காட்டுக்குள் இன்னும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் துப்பாக்கிகள் இருந்த காலம்.

வேனில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸர் கணேசமூர்த்தியும் போவார். திரும்பி வந்தால் ருக்மணி பேச்சில் 'டிரெஸர் சொன்னாரு' என்று அடிக்கடி வரும். நல்லையா சோற்றைப் பிசைந்தபடி ம் கொட்டுவார். பங்க்சர் ஒட்ட வருகிறவர்கள், "மிஸி இன்னும் வரலையா?" என்று சும்மா கேட்பார்கள். சும்மாதான் கேட்டார்கள். அவருக்கு அப்படிக் கேட்காது.

போகாதே என்று சொல்ல வாய் வந்ததில்லை. சொன்னால் ஏன் என்பாள்.

* அப்படி அனுப்பினார்களா என்று நான் தேடிப் பார்க்கவில்லை. கதைக்காக நான்தான் அனுப்பினேன். அந்த ரோட்டில் அவளைப் போகவிட்ட பொறுப்பு என்னுடையது.

4

பாலன் அப்போது அதே ஆஸ்பத்திரியில் இளம் சிப்பந்தி. சிகாமட்டிலிருந்து போன் வந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான்.

"அண்ணே, வேனைச் சுட்டுட்டாங்களாம்."

நல்லையா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"கூட யாரு போனது?"

"டிரெஸர்தான். ஒருத்தருக்கு அடின்னாங்க. யாருக்குன்னு சொல்லல. சாபார், அண்ணே, சாபார்."

பொறுமை, பொறுமை என்கிறான். அதன் பிறகுதான் நல்லையா ஸ்பேனரைக் கீழே வைத்தார். டயர்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். உயிர் இருக்கிறதா என்று கேட்க வாய் திறந்தார், சிகாமட்டுக்குக் கார் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

பெரிய பயத்தைத் தொட முடியாதவன் பக்கத்தில் கிடக்கும் சின்னப் பயத்தைப் பிடித்துக்கொள்கிறான் என்று ஒரு வரி எழுதினேன். அழகாக இருந்ததால் சந்தேகம் வந்தது. திட்ட உட்கார்ந்தவன் வக்கீலாகிக்கொண்டிருக்கிறேன்.

5

வாடகைக் காரில் நாலு பேரோடு நெருக்கி உட்கார்ந்து போனார். வழியெல்லாம் ரப்பர் மரங்கள். ஒவ்வொரு தடுப்பிலும் சிப்பாய்கள் அடையாள அட்டை பார்த்தார்கள். அவள் செத்துப்போயிருந்தால் என்று நினைத்தார். உடனே, அவன் மடியில் செத்திருந்தால் என்று —

இதை எழுதி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் மட்டும் நினைத்து முடித்தார். நினைத்துவிட்டு, வெளியே பார்த்தபடி தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டார்.

6

சிகாமட் ஆஸ்பத்திரியில் கணேசமூர்த்தி கட்டிலில் கிடந்தார், தோளில் பெரிய கட்டு, நினைவில்லை. பக்கத்து ஸ்டூலில் ருக்மணி. வெள்ளை உடுப்பில் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது.

"நீங்களா? கடையை யாரு பாத்துக்கிறா?"

"பூட்டிட்டு வந்தேன். இது உன் ரத்தமா?"

"இல்லீங்க, அவரோடது. சத்தம் கேட்டதும் என்னைக் கீழ தள்ளி மேல விழுந்துட்டாரு. இல்லன்னா இன்னிக்கு நான் இல்ல."

மறைக்க ஒன்றும் இல்லாதவள் சொல்வதுபோல் சொன்னாள். மறைக்கத் தெரிந்தவளும் இப்படித்தான் சொல்வாளோ என்று நல்லையாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அதே கணத்தில் அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டில் எதையும் செய்யாமல் அவள் தோளில் கை வைத்தார். அவள் அந்தக் கைமேல் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

இங்கே முடித்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன். ஆனால் டிரெஸருக்கும் ஒரு வீடு இருக்கிறதே.

7

சாயங்காலம் கணேசமூர்த்தியின் மனைவி மல்லிகா வந்தாள். ருக்மணி அவளை அணைத்துக்கொண்டாள், பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள். பிறகு, "ரெண்டு பேரும் ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, கோப்பி வாங்கிட்டு வரேன்" என்று போனாள்.

நடையில் இருந்த பெஞ்சில் மல்லிகாவும் நல்லையாவும்.

"அண்ணே, ஒண்ணு கேக்கிறேன், தப்பா நினைக்காதீங்க. அவரு வேன்ல பாடிக்கிட்டே வருவாராமே. உங்க வீட்டுக்காரங்கதான் இப்ப சொன்னாங்க. எங்க வீட்டுல ஒரு நாளும் அவரு பாடி நான் கேட்டதில்ல." முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "இவங்கள அனுப்பிட்டு வீட்டுல இருக்கிறப்ப, உங்களுக்கு ஒண்ணும் தோணாதா?"

இந்த நடையில் பாலன் இல்லை. மல்லிகாவை நான்தான் இங்கே வரவழைத்தேன். ஆனால் கேட்ட பிறகு கேள்வி என்னுடையதாக இல்லை.

ஒரு முடிவில் நல்லையா, "எனக்கும் தோணும், தங்கச்சி" என்கிறார். இருவருக்கும் மனசு லேசாகிறது. அந்தப் பேச்சு மலாக்காவுக்கு அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். ருக்மணி அந்த வேனில் பிறகு ஏற முடியாது.

இன்னொன்றில், "என் பொண்டாட்டிய எனக்குத் தெரியும்" என்கிறார். மல்லிகா முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் போகிறாள். தெரியுமா அவருக்கு? தெரியாமலே சொல்லியிருந்தால், சொன்ன அன்றிலிருந்து தெரிந்தவராக வாழ வேண்டும். முடியுமா?

பிறகு அவள் அந்த வேனில் போனாளா என்று பாலனைக் கேட்கலாம். நான் கேட்கப்போவதில்லை.

மல்லிகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நடையின் கோடியில் ருக்மணி தெரிகிறாள், இரண்டு கையிலும் கோப்பி கிளாஸ், தளும்பாமல் மெல்ல வருகிறாள். அவள் காதில் விழும் தூரத்துக்கு வருவதற்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் சொல்லுங்கள்.