கூட்டத்துக் கதவில் ஒரு விரால்

எங்கள் கமக்காரர் அமைப்புக்கு ஓமந்தைப் பிள்ளை யதுர்ஷிகா வீடியோக் கூட்டம் நடத்தும் சேர்வர் ஒன்று போட்டுத் தந்தாள். ஸ்கந்தபுரத்து உரக் களஞ்சியத்தில், யூரியா மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. கொழும்பிலும் கனடாவிலும் இருக்கும் காணிக்காரரும் இனிக் கூட்டத்துக்கு வரலாம். அந்தப் பெட்டி விட்ட சூட்டில் மூன்று மூட்டை நெல் காயவைத்தோம். நம்பாதவர்களுக்குக் காட்ட அந்த நெல் இப்போது இல்லை, சாப்பிட்டுவிட்டோம்.

கடவுச்சொல் எல்லாருக்கும் தெரியட்டும் என்று களஞ்சியச் சுவரில் சோக்கால் பெரிதாக எழுதினோம். முதற் கூட்டத்திலேயே யாரோ புகுந்து, செத்துப்போன மயில்வாகனத்தின் பேரில் கை தூக்கிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோதும் அவன் கூட்டத்துக்கு வந்தவனில்லை.

யதுர்ஷிகா சுவரை அழித்தாள், சொல்லை மாற்றினாள். வருகிறவர்களை வெளியே நிறுத்தி, செயலாளர் கமலாசனி கேள்வி கேட்டுத்தான் உள்ளே விடவேண்டும் என்றும் வைத்தாள்.

"சொல்லைக் களவெடுக்கலாம். ஆளை அறிஞ்ச ஆக்களை ஏமாத்த ஏலாது" என்றாள்.

இந்தச் சிறுபோக நெல்லுக்குக் குளத்தில் தண்ணீர் குறைவு. முதல் தண்ணீர் தலைவாய்க்காலுக்கா, கடைவாய்க்காலுக்கா என்று வாக்கெடுப்பு. என் வயல் கடைவாய்க்காலின் கடைசி. முதல் முறை தப்பினால் விதைப்பு இல்லை. நானோ கண் ஒப்பரேசன் செய்து, வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தேன். போன் வீட்டில். கூட்டத்தின் முகவரியைக் கிளினிக் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். கடவுச்சொல்லைப் பின்பக்கத்தில் எழுதியிருந்தேன், பாதுகாப்புக்காக. பக்கத்துக் கட்டில் றவூப் தன் போனைத் தந்தார்.

திரையில் றவூபின் பெயர், என் அரை முகத்துக்குக் கட்டு, பல்செட் கோப்பைக்குள். கமலாசனி சிரிக்கவில்லை.

"ஆர் நீங்கள்?"

"அப்புத்துரை, பிள்ளை."

"ஆரும் அப்பிடிச் சொல்லலாம். அப்புத்துரை அண்ணை அக்கராயன் குளத்தில பிடிச்ச விரால் எவ்வளவு நீளம்?"

அந்த விராலை இருபது வருடமாக எட்டடி என்று சொல்லி வருகிறேன். என்னையும் சைக்கிளையும் சேர்த்துக் குளத்துக்குள் இழுத்த விரால். ஆனால் இது தண்ணீர் விசயம், விளையாட்டில்லை.

"ஒரு சாண், பிள்ளை. அதுவும் சந்தையில வாங்கினது."

"அண்ணையின்ர பேரில கை தூக்க வந்தனீரோ? போம்" என்று சாத்திவிட்டாள்.

உலகத்தில் அந்த ஒரு சாண் மீனை அறிந்தவன் நான் ஒருவன்தான். அதை முதன்முதலாக ஒருத்தியிடம் நீட்டினேன், அவள் வாங்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் தனிமையாகவும் இருந்தது.

"ரெண்டு நாளா எனக்கு எட்டடி எண்டுதானே சொன்னீங்க, ஐயா?" என்றார் றவூப்.

மறுபடி தட்டினேன்.

"எட்டடி, பிள்ளை. கரியரில கட்டியும் வால் றோட்டில இழுபட்டது."

கமலாசனி கதவைத் திறந்தாள்.

"வாங்கோ அண்ணை. கண் எப்பிடி?"

ஒரு கை வித்தியாசத்தில் முதல் தண்ணீர் கடைவாய்க்காலுக்கு என்று முடிவானது. போனை றவூபிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"உண்மையில எவ்வளவு நீளம், ஐயா?"

"எட்டடி" என்றேன். இனி அதைச் சுருக்க வழியில்லை. அதை நம்பித்தான் என் வயலுக்குத் தண்ணீர் வருகிறது.