டிசம்பரில் ஆறும் புண்கள்

மெல்போர்னிலிருந்து பேராசிரியர் ஹார்கிரீவ் மறுபடியும் ஃபிஜித் தலைநகர் சுவாவில் வந்து இறங்கிவிட்டார், பட்டமேற்படிப்பு மருத்துவர்களுக்கு ஆராய்ச்சி கற்றுத்தர. செம்பருத்திப் பூப்போட்ட சட்டை. போன வருடமும் அதே சட்டைதான் என்று வகுப்பே கிசுகிசுத்தது.

வகுப்பிலிருந்த இளம் மருத்துவர் அகோசித்தாவுக்குச் சட்டையைப் பற்றிக் கவலையில்லை. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்தான் அவள் ஆய்வுத் தலைப்பு. இந்த வாரம் அவர் சம்மதிக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. போன தடவை வந்தபோது, "நீ எண்ணின நோயாளிக் கணக்கை அனுப்பும்மா, பாத்துத் தர்றேன்" என்றார். அனுப்பினாள். பதிலே இல்லை.

இப்போது தலைப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பழைய சரக்காச்சே! போன மாசம்தான் இதைப் பத்திக் கட்டுரை போட்டேன். வேற பாரு."

அதையே மாதிரிக் கட்டுரையாகத் திரையிலும் போட்டார். அத்தனையும் அவள் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து எண்ணிய எண்கள். அவள் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. அந்த மணிநேரத்துப் பாடம், ஆராய்ச்சியில் நேர்மை.

பக்கத்திலிருந்த தோழி சலோமே கிள்ளினாள். "ஏய், அது உன்னோடதுடி! கேளேன்."

"விருந்தாளியை நாலு பேர் முன்னாடி எப்படிடி..."

வகுப்பின் மௌனத்தைப் பேராசிரியர் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்.

"பாருங்க, டிசம்பர்ல புண்ணோட வர்றவங்க பாதியாக் குறையறாங்க. மழைத்தண்ணியில காலு சுத்தமாயிடுது!"

வகுப்பு சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது. பின்வரிசையில் கல்லூரி டீன் இசோவாவுக்கும் இருமல் வந்தது. அகோசித்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"சார், கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கப்பல் ஏறிச் சொந்தத் தீவுக்குப் போயிடுவாங்க. புண்ணும் கூடவே போகும். ஜனவரியில அழுகித் திரும்பி வரும். எண்ணினது நான்தான். உங்களுக்கு அனுப்பினதும் நான்தான்."

பேராசிரியர் தண்ணீர் குடித்தார். நிறையவே குடித்தார்.

டீன் ரொம்பப் பணிவாக எழுந்தார். "புரொபசர், உங்க கட்டுரை தப்புன்னா, இந்தத் தலைப்பை இன்னும் யாரும் ஒழுங்காச் செய்யலைன்னுதானே ஆகுது? அகோசித்தாவே செய்யட்டும். சம்மதம் நானே குடுத்துடறேன்."

"அருமை!" என்றார் பேராசிரியர், வெட்கம் என்பதே அறியாமல். "நானும் கூட்டா எழுதறேனே."

"தாராளமா சார்," என்றாள் அகோசித்தா. "ஜனவரியில வாங்க. முதல்ல புண்ணுக் கட்டைப் பிரிக்கணும். நாத்தம் தாங்கினா, அப்புறம் எழுதறதைப் பாப்போம்."