தலைவருக்கு அடிக்காத மணி

வைதேகிக்கு எரிச்சல் தொடங்கியது ரத்னவேல் வெனிஸில் படகு ஏறியபோது. அதற்குள் அவர் பாரிஸில் கோபுரம் பார்த்துவிட்டார், சுவிட்சர்லாந்தில் பனியில் வழுக்கி விழுந்துவிட்டார், ரோமில் ரசம் கிடைக்காமல் இரண்டு நாள் அவதிப்பட்டும் விட்டார். எல்லாம் மேடையில் நின்றபடியே. சங்கத் தலைவர் என்பதால் தலைமையுரை அவருடையது. அழைப்பிதழில் அதற்குப் பத்து நிமிடம், ‘ஐரோப்பா ஏன் ஒன்று சேர்ந்தது?’ என்ற வைதேகியின் உரைக்கு நாற்பது. நம் கூட்டங்களில் அழைப்பிதழ் என்பது பந்தியில் வைக்கும் உப்பு மாதிரி. இலை ஓரத்தில் இருக்கும், யாரும் தொடமாட்டார்கள்.

வைதேகி பல்கலைக்கழகத்தில் ஐரோப்பியப் பொருளாதாரம் ஆராய்பவள். தூதரகத்துக்காரர்களும் வங்கிக்காரர்களும் வந்து உட்காரும் அரங்குகளில் ஆங்கிலத்தில் எத்தனையோ முறை பேசியிருக்கிறாள். தமிழில் இதுதான் முதல் தடவை. தேக்கா சந்தைப் பக்கத்து மாடி அரங்கில் பேச அவள் ஒப்புக்கொண்டதே அம்மா விசாலாட்சிக்காகத்தான். மூன்றாம் வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். தமிழ்ப் பள்ளியில் படித்து, ஜூரோங் தொழிற்சாலையில் முதுகு ஒடிய உழைத்து மகளைப் படிக்கவைத்தவர். மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், “யூரோப் பத்தி ஏதோ பேசுது லா” என்பதோடு சரி. ஒருமுறை ஆங்கில உரைக்கு வந்தவர் ஆரம்பத்திலேயே தூங்கிப்போய், வெளியே வைத்திருந்த கறிபஃப் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

இன்றைக்காவது அம்மாவுக்குப் புரியவேண்டும் என்று மெனக்கெட்டிருந்தாள் வைதேகி. அம்மா தடுக்கி விழக்கூடிய ஒவ்வொரு சொல்லையும் தேடிப் பிடித்துத் தூக்கி எறிந்திருந்தாள்.

மேடையின் பின்பக்கமாகக் குனிந்தபடி வந்தார் செயலாளர் பிரபாகர். கையில் மேசை மணி.

“மேடம், ஏழரைக்கு ஹாலை விட்டுடணும். அடுத்து யோகா கிளாஸ். நீங்க கொஞ்சம் ஷார்ட்டா முடிச்சுக்கிறீங்களா?”

“எனக்கு எவ்வளவு நேரம் இருக்கு?”

“பத்து நிமிஷம். எட்டுன்னே வச்சுக்கோங்களேன்.”

“அவருக்கு மணி அடிங்க.”

கோயில் உண்டியலை உடைக்கச் சொன்னது போலப் பார்த்தார் பிரபாகர். “தலைவருக்கு எப்படி மேடம் மணி அடிக்கிறது?”

அந்த எட்டிலும் பாதியைத் தின்றுவிட்டு ரத்னவேல் இறங்கியபோது கைதட்டல் பலமாக இருந்தது. அம்மாவும் தட்டினார்.

வைதேகி ஒலிவாங்கி முன் நின்றாள். தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்ட நாடுகள், போர் முடிந்ததும் நிலக்கரியையும் எஃகையும் பொதுவில் வைத்த கதையை நிதானமாகத் தொடங்கினாள். நாலாவது வாக்கியம் முடியவில்லை, மணி அடித்தது.

வைதேகி மடிக்கணினியை மூடினாள். பாடுபட்டுச் சேர்த்த மேடைத் தமிழும் அதோடு போயிற்று.

“தலைவர் ஒரு மணி நேரம் பேசினார், அப்ப இந்த மணி அடிக்கலை. எனக்கு இப்பவே அடிக்குது. பரவாயில்ல, நான் சொல்ல வந்ததும் இதுதான். யூரோன்னு ஒரே காசைப் புழங்கலாம்னு நாடுங்க சேர்ந்தப்ப ஒரு விதி வச்சாங்க. எந்த அரசாங்கமும் வரவுக்கு மேல ரொம்பச் செலவு பண்ணக்கூடாது, மீறினா தண்டனை. கறாரா இருக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னது ஜெர்மனி. ரெண்டாயிரத்து மூணுல பார்த்தா, மீறிட்டு நிக்கிறதும் அதே ஜெர்மனி. கூடவே பிரான்ஸ். தண்டனை வந்துச்சா? நிதி அமைச்சருங்க கூடி உட்கார்ந்து, இப்போதைக்கு நிறுத்தி வைப்போம்னுட்டாங்க. பெரிய நாட்டுக்கு எப்படி மணி அடிக்கிறது?”

“ஊருக்குத்தான் உபதேசம்,” என்றது மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல். விசாலாட்சியின் குரல்தான். அரங்கு சிரித்தது, ரத்னவேல் சிரிக்கவில்லை.

“அப்புறம் கிரீஸ் கடன்ல மாட்டுச்சு. அவங்களும் ஒண்ணும் யோக்கியம் இல்ல, கணக்கை மறைச்சாங்க. ஆனா அவங்களுக்கு அடிச்ச மணி, வயசானவங்க பென்ஷனை வெட்டியும் நிக்கலை.”

பிரபாகரின் கை மணிமேல் இருந்தது. அடிக்கத் தைரியம் வரவில்லை. ரத்னவேலே எழுந்து வந்து ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பி, “நன்றி, நன்றி, நேரமாயிடுச்சு” என்றார். வாசலில் யோகா ஆட்கள் பாயோடு நின்றார்கள். உரையின் பெரும்பகுதி மூடிய மடிக்கணினிக்குள்ளேயே நின்றுவிட்டது.

படியிறங்கும்போது ரத்னவேல் விசாலாட்சியை மறித்தார். “பொண்ணை நல்லாப் படிக்க வச்சிருக்கீங்கம்மா. கொஞ்சம் அடக்கமும் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.”

விசாலாட்சி ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். தலைவரின் பேச்சைவிட அந்தக் கும்பிடுதான் வைதேகியைச் சுட்டது. பூக்கடைகளைத் தாண்டி ரயில் நிலையம் வரை அம்மா முன்னாலேயே போனார். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது, இனி இந்தப் பக்கம் கூப்பிட்டாலும் வரமாட்டார் என்றே நினைத்தாள். நடைமேடையில் அவளால் அடக்க முடியவில்லை.

“ஏம்மா, அந்த ஆளைப் போய்க் கும்பிடுற?”

“அவரை விடு. பென்ஷனை வெட்டினாங்கன்னியே, அந்த வயசானவங்க என்ன பண்ணாங்க?”

வைதேகி திரும்பிப் பார்த்தாள். அவளுடைய வேலையைப் பற்றி அம்மா இதுவரை எதுவுமே கேட்டதில்லை.

“தெருவுல இறங்கினாங்க. இன்னும் வெட்ட வேண்டாம்னு ஊரே வோட்டுப் போட்டுச்சு. அப்படியும் ஒண்ணும் நடக்கலை.”

“நடக்கலையா?” விசாலாட்சியின் முகம் கறுத்துவிட்டது. “வயசான காலத்துக்குன்னு சேர்த்த என் சிபிஎஃப் பணத்துல ஒருத்தன் கை வச்சா நான் சும்மா இருப்பேனா? அப்புறம் எதுக்கு இன்னும் அவனுங்ககூடவே இருக்காங்க? எழுந்து போக வேண்டியதுதானே?”

மேடையில் சொல்லவிடாமல் நிறுத்திய மீதி உரை முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். ரயில் வந்து கதவுகள் திறந்தன. வைதேகி காலெடுத்து வைக்கப் போனபோது அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். பிடி வலித்தது.

“இது போகட்டும். நீ பதில் சொல்லு.”